நடுவில் நின்ற ஊசி: வன்னிக்கு வந்த ஒரு பி.எம்.டபிள்யூ 320ஐ, வாங்கியதிலிருந்து ஹெட் வேலை வரை

பின்னணி

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, நாட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஜப்பான் கார்களின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத இடத்துக்குப் போனது. அதே காலத்தில் கொழும்புப் பக்கம் இருபது வயதை நெருங்கிய ஜேர்மன் கார்கள் அவற்றைவிட மலிவாகக் கிடைத்தன. திருத்தத் தெரிந்தவர்களும் உதிரிப்பாகங்களும் குறைவு என்பதுதான் அந்த மலிவுக்குக் காரணம். இந்த ஆய்வில் வரும் காரும் அந்தக் காலத்தில்தான் கிளிநொச்சிக்கு வந்தது.

கார் 2003ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 320ஐ. ஈ46 வகை உடல், ஒட்டோ கியர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்ட 2.2 லீற்றர் எம்54 பெற்றோல் எஞ்சின், 170 குதிரைவலு. மீற்றரில் 148,000 கிலோமீற்றர். வாங்கியவர் கிளிநொச்சியில் வியாபாரம் செய்பவர். கிழமைக்கு ஒருமுறை ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போய்வருவார். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியில் விசுவமடுப் பக்கம் அவருக்கு வயல் உண்டு, அதற்குப் போகும் கடைசித் துண்டு கிறவல் ரோட்டு.

இந்த எஞ்சின் நல்ல எஞ்சின். ஒயிலும் குளிர்ச்சியும் ஒழுங்காக இருந்தால் நீண்ட தூரம் உழைக்கும். அதைச் சுற்றியுள்ள குளிரூட்டும் தொகுதி அப்படியல்ல. ரேடியேற்றரின் பக்கத் தொட்டிகள், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்றின் தாங்கி, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தேமோஸ்ராற்றின் கூடு, ஹோஸ்களின் முனைகள் எல்லாமே பிளாஸ்ரிக். வெப்பத்திலும் அழுத்தத்திலும் வருடக்கணக்கில் கிடக்கும் பிளாஸ்ரிக் மொறுமொறுத்துப் போகும். கார் ஓடியது குறைவோ கூடவோ, வயது அதைத் தின்னும். குறைந்த கிலோமீற்றரைக் காட்டி விற்கப்படும் பழைய காரில் இந்தப் பாகங்கள் பெரும்பாலும் ஒருமுறைகூட மாற்றப்படாதவையாக இருக்கும்.

வாங்கும்போது பார்த்ததும் பார்க்காததும்

பத்திரப் பக்கம் குறையில்லை. பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் காரில் குத்தப்பட்ட இலக்கமும் ஒன்று, லீசிங் பாக்கி இல்லை, வருமான அனுமதிப்பத்திரமும் புகைச் சோதனைச் சான்றும் நடப்பில் இருந்தன. பெயின்ற், சீற், ஏசி, ரயர் எல்லாம் பார்க்கப்பட்டன. காலை நேரத்தில் நகருக்குள் ஒரு சிறு ஓட்டம். அத்தோடு விலை பேசி முடிந்தது.

அன்று எடுத்த கைத்தொலைபேசிப் படங்களைப் பின்னர் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. வெள்ளையாக இருக்கவேண்டிய கூலன்ற் தாங்கி தேயிலைச் சாய நிறத்தில் இருந்தது. அதன் இரு பாதிகளும் ஒட்டும் பொருத்தில் காய்ந்த கசிவுக் கோடு இருந்தது. மூடியைத் திறந்த படத்தில் திரவம் பச்சை. இந்தக் காருக்கு உரியது பொஸ்பேற் சேராத ஜி48 வகை, அது நீலம். நிறம் மட்டும் சான்றாகாது என்றாலும், யாரோ கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க அது போதும்.

சூடாகிய எஞ்சினை நிறுத்திப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்ப இயக்கிப் பார்க்கவில்லை. அழுத்தச் சோதனையும் செய்யவில்லை. கணினியில் எஞ்சின் வெப்பம் வாசிக்கவும் இல்லை. அரை மணித்தியாலத்தில் முடியக்கூடிய வேலைகள் இவை.

முதல் அறிகுறிகள்

இரண்டாம் மாதத்தில் கூலன்ற் குறைவு என்ற மஞ்சள் விளக்கு எரிந்தது. திறந்து பார்த்தால் அரை லீற்றர் அளவு இறங்கியிருந்தது. வீட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் ஊற்றப்பட்டது. இரண்டு கிழமையில் மீண்டும் விளக்கு, மீண்டும் தண்ணீர். நிலத்தில் ஈரம் தெரியவில்லை, ஏனெனில் கசிவு சூட்டில் மட்டும் வந்து, விழுமுன்பே ஆவியானது. அது விட்டுச்சென்ற வெள்ளைப் பொருக்கு தாங்கியின் அடிப்பக்கத்தில் இருந்தது, பார்க்கக் குனியவேண்டும்.

கிளிநொச்சித் தண்ணீரில் கேத்தல் அடியில் எவ்வளவு சுண்ணாம்பு படியும் என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும். எஞ்சினுக்குள்ளும் மிகச் சூடான இடத்திலேயே, அதாவது சிலிண்டர்களை மூடும் மேற்பகுதியான ஹெட்டில் வெளியேற்று வால்வுகளைச் சுற்றியே, அது முதலில் படியும். கூடவே இன்னொரு கேடு. ஜப்பான் வாகனங்களுக்கான கூலன்றுகள் பலவற்றில் பொஸ்பேற் இருக்கிறது. கடினநீரின் கல்சியத்தோடு அது சேர்ந்தால் கல்சியம் பொஸ்பேற்றாகத் திரண்டு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் இறங்கும். ஐரோப்பிய நாடுகளிலும் தண்ணீர் கடினமானது என்பதால்தான் ஜேர்மன் நிறுவனங்கள் பொஸ்பேற் இல்லாத கூலன்றைக் கேட்கின்றன. இந்தக் காரில் பச்சைக் கூலன்றும் குழாய்க்கிணற்று நீரும் மாதக்கணக்கில் ஒன்றாக ஓடின.

மூன்றாம் மாதம் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் கார் காட்டப்பட்டது. “தம்பி, எங்கட வெயிலுக்கு தேமோஸ்ராற் தேவையில்லை, கழட்டி விடுவம், சூடு ஏறாது” என்றார் அவர். உள்ளிருந்த வால்வு வெட்டியெடுக்கப்பட்டு, வெறும் கூடு திரும்பப் பூட்டப்பட்டது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் இந்த வேலை செய்தும் ஓடியிருக்கின்றன, ஆகவே அவர் சொன்னது நல்லெண்ணத்தில்தான். எம்54இல் அது எதிர்மாறாகவே முடியும். இதன் தேமோஸ்ராற் இரண்டு வேலை செய்கிறது: சூடாகும்போது ரேடியேற்றர் பக்கத்தைத் திறக்கும், அதே அசைவில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியை அடைக்கும். வால்வை எடுத்துவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்திருக்கும். பம்ப் தள்ளும் நீரில் ஒரு பகுதி ரேடியேற்றரைக் காணாமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். நகருக்குள் குளிர்ச்சியாகத் தெரியும், ஏ9இல் மணிக்கு 90 கிலோமீற்றரில் ஏசியோடு போகும்போது வெப்பம் ஏறும்.

முறிகண்டியில்

ஓகஸ்ட் மாதம், சோழகக் காற்றுக் காலம், பின்னேரம். வவுனியாவிலிருந்து வந்த கார் எல்லா வாகனங்களையும்போல முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தப்பட்டது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, இருபது நிமிடத்தில் திரும்ப எடுத்தார்கள்.

எஞ்சின் நிற்கும்போது பம்பும் நிற்கும். ஹெட்டிலுள்ள வெப்பம் அசையாத நீருக்குள் இறங்கி, நிறுத்திய பிறகே வெப்பமும் அழுத்தமும் உச்சத்துக்குப் போகும். ரேடியேற்றரில் மேல் ஹோஸ் பொருந்தும் பிளாஸ்ரிக் கழுத்து அந்த இருபது நிமிடத்துக்குள்ளேயே வெடித்திருக்கவேண்டும். நிறுத்திய இடத்தில் ஈரம் கிடந்தது, ஏசித் தண்ணீர் என்று எண்ணி விட்டுவிட்டார்கள்.

இரணைமடுச் சந்தியை அண்டியபோது ஏசி சூட்டுக்காற்று அடிக்கத் தொடங்கியது. எஞ்சின் கணினி அளவுமீறிய வெப்பத்தைக் கண்டால் ஏசி கொம்பிரசரைத் தானாக நிறுத்தும். இந்தக் கார் கொடுத்த உண்மையான முதல் எச்சரிக்கை அதுதான். ஓட்டியவர் டாஷ்போர்ட்டைப் பார்த்தார், ஊசி நடுவில் நின்றது. ஏசியில் காஸ் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டினார்.

ஈ46இன் வெப்ப ஊசி உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை. ஏறத்தாழ 75 பாகை செல்சியஸிலிருந்து 110ஐத் தாண்டும்வரை நடுவிலேயே நிற்கும்படி மென்பொருளால் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. சின்ன ஏற்ற இறக்கத்துக்கு ஓட்டுநர் பதறக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அது அசையும்போது ஆபத்து ஏற்கனவே வந்திருக்கும். இரண்டாவது, உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக வாசிக்கும். நீர் போய் ஆவி மட்டும் மிஞ்சினால் வாசிப்பு பிந்தும், சிலவேளை இறங்கவும் செய்யும்.

கிளிநொச்சி நகர எல்லையில் ஊசி ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது, விளக்கு எரிந்தது, எஞ்சின் இழுவை விட்டது. நிறுத்தினார்கள். பக்கத்துக் கடையிலிருந்து வாளித் தண்ணீர் வாங்கி உடனே ஊற்றினார்கள். கொதிக்கும் அலுமினிய ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணும், வெடிக்கவும் கூடும். எங்கள் கணிப்பில் இங்கு நடந்த சேதத்தில் ஒரு பங்கு அந்த வாளியால் வந்தது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டிருக்கவேண்டும்.

சோதனைகள்

கார் பிளாட்பெட் லொறியில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்சில்லில் இழுக்கும் ஒட்டோ கியர் காரைக் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர்பொக்ஸின் ஒயில் பம்ப் வேலை செய்யாது, உள்ளே உராய்ந்து அழியும்.

முதலில் ஒயில் பார்க்கப்பட்டது. ஒயில் மூடியின் அடியில் பால்நிறப் பசை இருந்தது. தற்காலிகமாக ஒரு ஹோஸ் பொருத்தி, 1.5 பார் கைப்பம்ப் அழுத்தம் கொடுத்தபோது முள் நிற்காமல் இறங்கியது. வெளியே துளி இல்லை. ஆறு பிளக்குகளையும் கழற்றி, பெற்றோல் பம்ப் பியூஸை எடுத்து, அக்சிலேற்றரை முழுக்க மிதித்துக் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கும் அழுத்தம், எடுத்ததில் 1, 2, 5, 6ஆம் சிலிண்டர்கள் 11 பாரைத் தாண்டின. 3ஆம், 4ஆம் சிலிண்டர்கள் 8க்குக் கீழே. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்தால் அவற்றுக்கு நடுவே, ஹெட்டையும் எஞ்சின் உடலான புளொக்கையும் கசியாமல் அடைக்கும் காஸ்கற் போய்விட்டது என்று கொள்ளலாம். 3ஆவது பிளக் துவாரத்தில் சிறு கமெரா விட்டுப் பார்த்தபோது பிஸ்ரனின் தலை கழுவியதுபோல் சுத்தமாக இருந்தது. மற்றவை கரி பிடித்திருந்தன. தண்ணீர் உள்ளே போய் ஆவியாகிக் கரியை உரித்ததன் அடையாளம் அது.

கூலன்ற் தொகுதியில் வேறு குறைகளும் இருந்தன. ஏசி கொண்டென்சருக்கு முன்னாலுள்ள மின்விசிறி இறந்திருந்தது. கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையே வைக்கோல் தூசியும் பதரும் அடைத்து, காற்று போக வழி குறைந்திருந்தது. காலபோக அறுவடையில் வெட்டு மெஷினுக்குப் பின்னால் வயல் ரோட்டில் ஓடிய எந்தக் காரிலும் இதைக் காணலாம். முன்பக்கம் இருந்து பார்த்தால் தெரியாது, இரண்டுக்கும் இடையில் ரோச் அடிக்கவேண்டும்.

எடுத்த முடிவும் காரணமும்

உரிமையாளருக்கு மூன்று வழிகள் இருந்தன. பழைய எஞ்சின் ஒன்று வாங்கிப் பூட்டுவது, ஜப்பான் எஞ்சின் ஒன்றை மாற்றிப் பூட்டுவது, இருக்கும் எஞ்சினில் ஹெட் வேலை செய்வது.

பாவித்த எம்54 எஞ்சின் கிடைக்கக்கூடியதாக இருந்தது, ஆனால் அது எப்போதாவது சூடேறியதா என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. இதே நோயைக் காசு கொடுத்து வாங்குவதாக முடியலாம். ஜப்பான் எஞ்சின் பூட்டினால் கியர்பொக்ஸ், வயரிங், மீற்றர், சாவி முறை எல்லாம் குழம்பும், புத்தகத்திலும் எஞ்சின் மாற்றத்தைப் பதியவேண்டும். கீழ்ப்பகுதியில் தட்டும் சத்தம் இல்லை, நான்கு சிலிண்டரில் கொம்பிரஷன் நன்றாக இருந்தது. ஆகவே ஹெட் வேலை என்று முடிவானது. ஹெட்டைத் திறந்து பார்த்து வெடிப்பு இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி மறுபடி யோசிப்பது என்றும் முன்கூட்டியே பேசிக்கொள்ளப்பட்டது.

ஹெட் வேலை

இந்த எஞ்சினின் புளொக்கும் அலுமினியம், சிலிண்டர் உறைகள் மட்டுமே இரும்பு. கடும் சூட்டுக்குப் பிறகு புளொக்கிலுள்ள ஹெட் போல்ற் மரைகள் பலமிழக்கும். 14 போல்ற்றுகளில் மூன்று, மரையில் அலுமினியச் சுருளோடு வெளியே வந்தன. அந்த மூன்றுக்கு மட்டும் புது மரை போட்டால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். செலவு நியாயமான கவலைதான். மற்றப் பதினொன்றும் இதே சூட்டைக் கண்டவை. புது காஸ்கற், சீவிய ஹெட், புது போல்ற் எல்லாம் போட்டு, கடைசி இறுக்கத்தில் ஒரு மரை கழன்றால் முழு வேலையும் திரும்பத் தொடங்கும். ஆகவே 14 துவாரங்களுக்கும் இரும்பு மரைக்குழல் போடப்பட்டது. துளையிடும்போது நேராக நிற்க வழிகாட்டித் தகடு பாவிக்கப்பட்டது, துளையூசியில் கிறீஸ் பூசப்பட்டது. துவாரங்களின் அடியில் திரவம் தங்காமல் காற்றடித்து எடுப்பது மிக முக்கியம். அடியில் ஒயில் நின்றால் போல்ற் இறங்கும்போது அதை அமுக்கி, புளொக்கையே வெடிக்கவைக்கும்.

ஹெட் லேத் பட்டறையில் சுடுநீர் அழுத்தச் சோதனைக்குப் போனது. வெடிப்பு இல்லை, நடுவில் கோணியிருந்தது. 0.2 மி.மீ. சீவப்பட்டது. 0.3 மி.மீ.க்கு மேல் சீவக்கூடாது, ஏனென்றால் சீவிய ஹெட்டுக்கு நிறுவனம் தரும் தடித்த காஸ்கற் 0.3 மி.மீ. மட்டுமே கூடுதல் தடிப்பு. அந்தத் தடித்த காஸ்கற்றே போடப்பட்டது. வால்வுகள் அரைக்கப்பட்டு, வால்வு ரப்பர்கள் மாற்றப்பட்டன.

கேம்ஷாப்டுகளைப் பூட்டும் கட்டையும் கிராங்கைப் பூட்டும் ஊசியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. உள்ளெடுக்கும் வால்வுகளுக்கும் வெளியேற்றும் வால்வுகளுக்கும் திறக்கும் நேரம் மாறும் எஞ்சின் இது, கண்மதிப்பில் சங்கிலி பூட்டினால் வால்வு பிஸ்ரனில் அடிக்கும். போல்ற்றுகள் புதியவை, நடுவிலிருந்து வெளிநோக்கி, முதல் சுற்று 40 நியூட்டன் மீற்றர், பிறகு 90 பாகை, பிறகு இன்னொரு 90 பாகை. உள்ளெடுப்புக் குழாய்த் தொகுதி கழன்றிருந்ததால் எண்ணெய் ஆவி பிரிக்கும் பெட்டியும் ஒயில் பில்ரர் கூட்டின் காஸ்கற்றும் சேர்த்து மாற்றப்பட்டன. பிறகு அவற்றுக்காகத் தனியாகத் திறந்தால் அதே கூலி திரும்பக் கொடுக்கவேண்டும்.

குளிரூட்டும் தொகுதி

ரேடியேற்றர், தாங்கி, மூடி, மட்ட உணரி, இரும்பு விசிறியுள்ள வோட்டர் பம்ப், தேமோஸ்ராற், மேல் கீழ் ஹோஸ்கள், பெல்ற், அதன் இறுக்கி, உருளைகள், முன் மின்விசிறி. எல்லாம் ஒரே நேரத்தில் புதிதாகப் போடப்பட்டன. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் அழுத்தம் முழுதாக நின்று, அடுத்த பழைய பாகம் வெடிக்கும். பாகங்களைச் செசி இலக்கத்தின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தே எடுக்கவேண்டும். ஒட்டோ கியருக்கும் கை கியருக்கும் தாங்கி வேறு, பெட்டியைப் பார்த்து வாங்கினால் பொருந்தாது. பெல்ற் விசிறியின் 32 மி.மீ. நட் இடது மரை, வழமைபோலச் சுழற்றினால் இன்னும் இறுகும்.

ரேடியேற்றரை மட்டும் வடித்தால் புளொக்கில் பாதித் தண்ணீர் நிற்கும். வெளியேற்றுக் குழாய்ப் பக்கம் புளொக்கிலுள்ள வடிப்பு போல்ற்றையும் கழற்றவேண்டும். இதில் சுண்ணாம்புத் துகள் நீண்டநேரம் வந்துகொண்டிருந்தது. ஹீற்றர் சுருளை எதிர்த்திசையில் கழுவியபோதும் வந்தது. கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த நீரில். மொத்தக் கொள்ளளவு சுமார் எட்டரை லீற்றர், அதில் பாதி ஜி48 செறிவு, பாதி காய்ச்சி வடித்த நீர். பற்றரிக்கு விடும் கனிமம் நீக்கிய நீர் எரிபொருள் நிலையங்களில் கிடைக்கிறது, அது சரி. அசிட் கலந்த பற்றரி நீர் இதற்குக் கூடாது.

காற்று எடுக்கும் முறை: காரைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் ஹீற்றரை முழுச் சூட்டில், காற்றை மிகக் குறைவில் வைக்கவேண்டும். தாங்கியின் மூடிக்குப் பக்கத்திலுள்ள காற்றுத் திருகைத் திறந்து, குமிழ் இல்லாமல் திரவம் வழியும்வரை மெதுவாக ஊற்றி மூடவேண்டும். திருகு பிளாஸ்ரிக், விரலிறுக்கத்துக்குச் சற்று மேலே போதும். ஓடி, இரவு முழுக்க ஆறிய பிறகு மறுநாள் காலை தாங்கிக்குள் இருக்கும் மிதவைக் கோலைப் பார்த்து மட்டம் சரிசெய்யவேண்டும்.

அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த எஞ்சினின் தேமோஸ்ராற் தானாகத் திறப்பதே 97 பாகையில். அழுத்தமில்லாத வெறும் தண்ணீர் 100இல் கொதிக்கும். கசியும் மூடியும் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்தால் கொதிநிலைக்கும் வழமையான வேலை வெப்பத்துக்கும் இடையே மூன்று பாகை மட்டுமே மிஞ்சும்.

பிறகு நடந்தது

முதல் 500 கிலோமீற்றரில் ஒயிலும் பில்ரரும் மாற்றப்பட்டன, 6.5 லீற்றர். காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி துளையில் பொருத்தும் மலிவான புளூரூத் கருவி ஒன்றில் வெப்பம் தொடர்ந்து வாசிக்கப்பட்டது. ஏ9இல் ஏசியோடு 90க்கும் 97க்கும் இடையில் நின்றது. விசுவமடு கிறவல் ரோட்டில் மதிய வெயிலில் மெதுவாக ஓடியபோது 102 வரை போய், மின்விசிறி வேகம் கூடியதும் இறங்கியது. அடுத்த கோடை முழுவதும் மட்டம் இறங்கவில்லை.

ஹெட் வேலைக்கும் மரைக்குழல்களுக்கும் போன காசு, குளிரூட்டும் தொகுதி முழுவதையும் புதுப்பிக்கப் போன காசின் மூன்று மடங்குக்குக் கிட்ட. வாங்கிய கிழமையிலேயே அந்தத் தொகுதியை மாற்றியிருந்தால் இரண்டாவது செலவு மட்டுமே வந்திருக்கும்.

மாற்றவேண்டியவை

வாங்குவதற்கு முன் காரைக் குறைந்தது ஒரு மணித்தியாலம் ஏசியோடு, வெயிலில், நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டவேண்டும். நிறுத்தி இருபது நிமிடம் விட்டு, பொனற்றைத் திறந்து தாங்கியின் பொருத்தையும் ஹோஸ் கழுத்துகளையும் ரோச் அடித்துப் பார்க்கவேண்டும். விற்பவர் அழுத்தச் சோதனைக்கு மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது. கூலன்ற் பாகங்களுக்கு மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்து, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசவேண்டும்.

ஈ46 வைத்திருப்பவர் ஊசியை நம்பி ஓட்டக்கூடாது. ஓபிடி வாசிப்பான் இல்லாவிட்டால் டாஷ்போர்ட்டின் மறைவான சோதனைப் பட்டியலில் 7.0ஆம் இலக்கம் உண்மை வெப்பத்தைக் காட்டும். 105ஐத் தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்தவேண்டும். அடுத்து வந்த ஈ90 வகையில் தண்ணீர் வெப்ப ஊசியே இல்லை, அதற்கு வாசிப்பான் இன்னும் அவசியம். ஏசி திடீரென்று சூட்டுக்காற்று அடித்தால் எந்த வகையானாலும் உடனே நிறுத்திப் பார்க்கவேண்டும்.

வழியில் தண்ணீர் குறைந்தால், காரில் எப்போதும் வைத்திருக்கவேண்டிய இரண்டு லீற்றர் கலந்த கூலன்றை ஊற்றலாம். வேறு வழியே இல்லாமல் கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால், வீடு சேர்ந்ததும் முழுவதையும் வடித்துக் கழுவவேண்டும். கூலன்றை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், தாங்கி, மூடி, தேமோஸ்ராற், பம்ப் ஆகியவற்றை ஆறு வருடத்துக்குள்ளும் மாற்றுவது இங்குள்ள வெயிலுக்குப் பொருத்தமான கணக்கு. அறுவடை முடிந்ததும் கொண்டென்சரைப் பின்பக்கத்திலிருந்து முன்நோக்கி மெல்லிய நீரோட்டத்தில் கழுவவேண்டும், அழுத்த மெஷினால் அடித்தால் தகடுகள் மடங்கும்.

இந்தக் காரில் மீதியாக இருப்பவை: முன் கைகளின் புஷ்கள் கிறவல் ரோட்டில் தளர்ந்துவிட்டன, அடுத்த சேர்விஸில் மாற்றப்படும். 16 அங்குல, 205/55 ரயர் அப்படியே இருக்கும், 17க்குப் போனால் குழிகளில் வளையம் நெளியும். பின் அச்சுத் தாங்கி உடலோடு சேரும் நான்கு இடங்களும் ஈ46இல் வெடிக்கக்கூடியவை. லிப்டில் ஏற்றிப் பார்த்ததில் இதுவரை வெடிப்பில்லை. ஒவ்வொரு முறை ரயர் மாற்றும்போதும் அந்த நான்கு இடங்களும் திரும்பப் பார்க்கப்படும்.